பங்குனி மடுவும் கல்லொட்டி மீனும்

கொங்குநாட்டில் வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓட, அவற்றின் இடைப்பட்ட வறண்ட மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் வெள்ளகோவில். கம்பும் சோளமும் விளையும் புன்செய்களும், கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடுகளும் மிக்க இப்பகுதியாரை உழவர் என்றும் ஆயர் என்றும் கூறலாமேயன்றி, மீனவர் என்று எவரும் கூறார். எனினும், இப்பக்கத்து ஆறுகளில் வாழும் சிறுமீன்களின் வாழ்க்கை அறிந்து மகிழத்தக்கது.

அவற்றுள் ஒன்று, கல்லொட்டி எனத்தக்க மீன். ஆனைமலைப் பக்கத்து ஓடைகளிலும், அமராவதியிலும் காவிரியிலும் பாறை நிறைந்த படுகைகளிலும் இது வாழும். கெண்டை இனத்தைச் சார்ந்தது. ஒரு சாணுக்கு மேல் வளர்வது அரிது. கெண்டைகள் பலவற்றுக்கு வாய் முகத்தின் முனையில் இருக்க, இதற்கோ முகத்தின் அடிப்புறத்தில் அமைந்துள்ளது. கீழுதட்டின் பின்னே வட்டமான தசைத்தட்டு ஒன்று உண்டு. அதனைக் கல்லின்மேல் அழுத்தி, மார்புத் துடுப்புகளைக் கிடையாக விரித்துப் படிந்துகொள்ளுமாயின், ஆள் நிற்கவொண்ணாத விரைவுநீரிலும் இச்சிறுமீன் நிலைபெயராது நிற்கும். கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டி உண்பதே இதன் தொழில். துருக்கி நாட்டில் வாழும் இதன் உறவு மீன்களைத் தொட்டியில் விட்டு, அதில் கால்களை வைத்திருந்து, பாதத்தின் பழந்தோலைத் தின்னச் செய்யும் கடைகள் இன்று நம் நகரங்களிலும் தோன்றியுள்ளன. பாசி உண்ணும் மீனுக்குப் பாதத்தை உணவாக்கிய மனித அறிவை என்னென்பது!

வட அமெரிக்காவிலும் அடிவாயால் உறிஞ்சி உண்ணும் மீனினம் ஒன்று உண்டு. உறிஞ்சுமீன் என்னும் பொருள்படவே அங்கு அதனை அழைப்பர். நம் கெண்டைக்குத் தூரத்து உறவான அம்மீன், பனிக்கட்டி உருகும் இளவேனில் தொடக்கத்தில், ஏரிகளிலிருந்து சிற்றாறுகளுக்குள் கூட்டங்கூட்டமாக எதிரேறும். பருக்கைக்கல் நிறைந்த ஆழமற்ற இடத்தை நாடி முட்டையிடும். கரையிலுள்ளோர் அப்பொழுது கைவலையும் ஈட்டியும் கொண்டு அதனைப் பிடிப்பர். அந்நாட்டில் வேனில் பிறப்பது ஆற்றுக்குப் புதுநீர் வரும் காலம் என்பதை நினைவிற் கொள்க.

நம் நாட்டிலோ அப்பருவத்தில் ஆற்றின் நிலை நேர்மாறானது. மாசி கழிந்து பங்குனி பிறக்கும்போது ஓட்டம் அறுகின்றது, மணல் வெளிப்படுகின்றது, பாறையிடுக்குகளிலும் வளைவுகளிலும் உள்ள மடுக்களில் மட்டும் நீர் தங்குகின்றது. ஆறு முழுவதும் பரவியிருந்த கெண்டையும் கெளிற்றும் விராலும் கல்லொட்டியும் அச்சிறு நீரில் ஒருங்கே அடைபடுகின்றன. மீன் பிடிப்பார்க்கு இதனினும் எளிய காலம் இல்லை. மேல் குறுகி அடி அகன்ற மூங்கிற்கூடாகிய ஊத்தாவைக் கலங்கல் நீரில் கவிழ்த்து அழுத்தி, மேல்வாய்வழியே கைவிட்டு மீனைத் துழாவி எடுப்பர். கல்லடியில் ஒளிந்த மீனைக் கையாலேயே பற்றுவாரும் உளர். சிறிய மடுவாயின், நால்வர் கூடி நீரை இறைத்துவிட்டு, சேற்றில் துள்ளுவனவற்றைக் குஞ்சும் எஞ்சாமல் கூடையில் அள்ளுவர்.

இங்கேதான் நாம் நின்று எண்ணவேண்டும். பங்குனி மடுவில் பிழைத்திருப்பவையே அடுத்த வெள்ளத்துக்குரிய விதைமீன்கள். தென்மேற்குப் பருவமழையால் ஆனியிலும் ஆடியிலும் கலங்கிய புதுநீர் வந்து மடுவைத் தொடும்போது, கெண்டைகள் பல முட்டையிடுவதற்காக எதிர்நீச்சலிட்டு ஏறுவது வழக்கம். ஏறுதற்கு மீன் வேண்டுமன்றோ? பசித்தாலும் விதைக்கம்பில் கைவைக்காத கொங்கு உழவர், மடுவை மட்டும் அடியோடு வழித்தெடுப்பது ஏனென்று விளங்கவில்லை. ஊத்தாவால் சில பிடித்து, ஆழ்மடுவை விட்டுவைத்தல் வேறு. மடுவை இறைத்தல் வேறு.

இறைப்பதினும் கொடியன இரண்டு உள. கள்ளிப்பாலையோ காக்கைக்கொல்லி விதையையோ நீரில் கலந்து மீனை மயக்குவது ஒன்று. வெடி வைப்பது மற்றொன்று. இவற்றால் உண்ணத்தகும் மீன் மட்டுமன்றிக் குஞ்சும் மடியும். இந்திய ஆற்றுமீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், முட்டையிட ஏறும் மீனும் குஞ்சும் அணைக்கட்டுகளிலும் நெருங்கிய கண்ணுடைய பொறிகளிலும் அழிவதை 1873-ஆம் ஆண்டிலேயே அரசுக்கு விரிவாக எழுதினார். பின்னர், 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடியாலும் நஞ்சாலும் மீன் கொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஆயின், மீன்பிடிப்பாரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. நொய்யலின் குறுக்கே 1992-ஆம் ஆண்டில் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீரைத் தேக்கக் கட்டப்பட்டதாயினும், திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. அந்நீரால் கீழுள்ள வயல்களும் கிணறுகளும் கெட்டன. கழிவை ஆற்றில் விட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஓடும் தெளிநீரையும் கல்லிற் படர்ந்த பாசியையும் நம்பி வாழும் மீனுக்குச் சாயநீரில் வாழ்வேது?

இத்தகைய அழுக்குநீரிலும் அஞ்சாது வாழும் வேறோர் உறிஞ்சுமீன் இப்போது நம் நாட்டு நீர்நிலைகளில் புகுந்துள்ளது. தென் அமெரிக்காவுக்குரிய அக்கெளிற்றினத்தைக் கண்ணாடித் தொட்டியின் பாசியைத் துப்புரவு செய்வதற்கென வாங்குகின்றனர். அது பெருத்துத் தொட்டி கொள்ளாதபோது, இரக்கங்கொண்டு குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். நீரில் உயிர்க்காற்றுக் குறைந்தால் அது மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். கரையில் வளைதோண்டி முட்டையிடும். உடல் முழுதும் எலும்புக் கவசமும் முள்ளும் உடையதாகலின் பிற மீன்கள் அதனை எளிதில் விழுங்க இயலாது. வலையில் அகப்பட்டாலோ முள் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும். விலைபோகாத அம்மீனை விடுவிப்பதற்காக மீனவர் தம் வலையையே அறுக்கவேண்டியுள்ளது.