"குவாட்டர்தான் ஐயா!"

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருமல் மருந்து ஊற்றித் தரும் சின்ன அளவுமூடி ஒன்று இருக்கும். 5 மில்லி, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். குழந்தைக்கு ஒரு சொட்டு கூடிவிட்டால்கூட, "ஐயோ, ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" என்று ஓடி வருகிற தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். அதே வீட்டு ஆண்மகன் ராத்திரி எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் அளவு தெரியாது!

அன்னவாசலில் என்னிடம் வயிற்று எரிச்சல், பசியின்மை, கை நடுக்கம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "குவாட்டர்தான் ஐயா, அதுக்கு மேல தொடமாட்டேன்." நாற்பது வயது லாரி டிரைவர் ஒருவர் இதை எவ்வளவு பெருமையோடு சொன்னார் தெரியுமா! அந்த வாரமே, டவுனுக்கு வெளியே ரோட்டோரமாக இருக்கும் பெரிய பார் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். சித்த வைத்தியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். நோயாளி எங்கே கெடுகிறார் என்று பார்க்காமல் கஷாயம் மட்டும் கொடுத்து என்ன பயன்?

டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது 1983-ல். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். கடை அரசுடையது, ஒட்டியிருக்கும் பார் தனியார் நடத்துவது. பார்க்காரருக்கு உரிமை தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில் சேகரிக்கவும்தான். ஆகவே அங்கே கிளாஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுண்டல், ஆம்லெட், சில்லி சிக்கன், ஊறுகாய் எல்லாம் இருக்கிறது. அளவுமூடி மட்டும் இல்லை! மூடி திறந்த பாட்டிலை மிச்சம் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகவும் மனசு வராது. நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில், எதிர் மேஜைக்காரர் ஊறுகாயை மட்டும் நக்கிக்கொண்டு முழு பாட்டிலையும் முடித்துவிட்டு எழுந்து போனார்.

கணக்கைப் பாருங்கள். குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி லேபிள்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே போவது சுமார் 60 கிராம் சுத்தமான சாராயச் சத்து. கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். மோர் குடித்தாலும், குளித்தாலும், வாந்தி எடுத்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு முடித்தவருக்கு விடிகாலை ஐந்து, ஆறு மணி வரை ரத்தத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். நம் லாரி டிரைவர் நாலு மணிக்கு வண்டி எடுப்பவர்!

லண்டனில் மகள் வீட்டுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் அங்குள்ள 'பப்' பற்றிச் சொன்னார். 1979-ல் ஆரம்பித்த வெதர்ஸ்பூன் என்ற சங்கிலிக் கடைகளில் காலைச் சாப்பாடு, காபிகூடக் கிடைக்குமாம். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்த நாட்டுச் சட்டப்படி பப்பில் விஸ்கி, ரம் எல்லாம் 25 அல்லது 35 மில்லி அளவில், அல்லது அதன் மடங்குகளில்தான் ஊற்றித் தர வேண்டும். வாரத்துக்கு 14 'யூனிட்'டைத் தாண்டாதீர்கள் என்று 2016-லிருந்து அரசு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது 112 கிராம். நம்மவர் இரண்டே குவாட்டரில் அந்த ஒரு வாரக் கணக்கைத் தாண்டி விடுகிறார்! அங்கேயும் குடித்துக் கெடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது வேறு கதை. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

'கீழாநெல்லி சாப்பிட்டுக்கிட்டே குடிக்கலாமா டாக்டர்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாது! நெருப்பை அணைக்காமல் சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான் அது. பித்தம் பெருகி, குன்மமாகி, கடைசியில் பெருவயிறு வந்து நிற்கும்போது எங்கள் சாஸ்திரத்தில் எளிய மருந்து கிடையாது.

மனைவிமார்கள் செய்யும் இரண்டு காரியங்கள் எனக்குப் பயத்தைத் தருகின்றன. ஒன்று, 'குடியை மறக்கடிக்கும் பொடி' என்று லேபிள் இல்லாமல் விற்பதை வாங்கி, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பது. ஆங்கில மருத்துவத்தில் டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கித் தருகிறார்கள். உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, பல வருடம் தினமும் குடித்தவரைக் கோயிலில் சத்தியம் வாங்கி அறையில் பூட்டி வைப்பது. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் உடம்பு வியர்த்து, நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். 'பேய் பிடிச்சிருச்சு' என்று மந்திரிக்கப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேருங்கள். அங்கே தயமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். அந்த வாரம் எங்களிடம் வர வேண்டாம். உடம்பு தேறிய பிறகு, பசி எடுக்கவும் தூக்கம் வரவும் மருந்து கேட்டு வாருங்கள், தருகிறேன்.