இயந்திரம் புனையும் பேய்க்கதை

1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், ஓயாத மழையினால் வீட்டினுள் அடைபட்ட நண்பர் சிலரை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு கவிஞர் பைரன் தூண்டினார். அவர்களுள் ஒருவரான மேரி ஷெல்லிக்கு அப்பொழுது வயது 18. முந்திய ஆண்டிலேதான் தம் பச்சிளங் குழவியைப் பறிகொடுத்து, அக்குழவி மீண்டும் உயிர்த்ததாகக் கனாக் கண்டமையை நாட்குறிப்பிலே பதிந்தவர் அவர். அவர் எழுதிய கதையே 1818இல் 'பிராங்கென்ஸ்ரைன்' என வெளிவந்தது.

2017இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வாளர், கதை புனையும் செயற்கை நுண்ணறிவு ஒன்றிற்கு 'ஷெல்லி' என்றே பெயரிட்டனர். இணையத்திலே பொதுமக்கள் எழுதிய ஏறத்தாழ 140,000 திகிற் கதைகளைக் கொண்டு அதனைப் பயிற்றினர். ஒரு சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்துத் தொடுத்தலே அதன் தொழில். கதவின் பின் காலடியோசை வரும் என்பதை அது அறியும். இருளிலே நின்று அதனைக் கேட்டதில்லை. ஆகவேதான் போலும், சில வரிகள் எழுதி நிறுத்தி, தொடர்ச்சியை மனிதரிடம் விட்டது. இன்றைய இயந்திரங்களோ முழுக்கதையையும் நொடியிலே தந்துவிடுகின்றன.

சென்ற தவணையில் என் மாணவன் ஒருவன், கிணற்றடிப் பேயைப் பற்றிப் பிழையற்ற கதையொன்று தந்தான். எந்தக் கிணறு என்றேன், விழித்தான். இயந்திரத்தைக் கேட்டுப் பெற்றதாம்.

"தம்பி, இரவில் நீ நுழைய அஞ்சும் இடம் எது?"

அம்மம்மா இறந்த அறை என்றான். அதனை எழுதுமாறு கூறினேன். பிழை மலிந்த இருபது வரிகள் எழுதிவந்தான். வகுப்பிலே அதனை வாசிப்பித்தபோது பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை.