கணினி ஓடுகிறது, பாட்டு மட்டும் ஏன் கேட்கவில்லை?

அரும்பாவூர் ஏரி நிரம்பியிருந்தாலும், வழியில் ஒரு மதகு மூடியிருந்தால் வயல் காயும். கணினியின் ஒலியும் அப்படித்தான்.

கணினிக்குள் பாட்டு வெறும் எண்கள். மதர்போர்டிலுள்ள ஆடியோ சிப் அவற்றை மின்னலைகளாக மாற்றுகிறது; ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது.

எந்த மதகு மூடியிருக்கிறது? கடைமடையிலிருந்து தேடுங்கள். ஸ்பீக்கர் வயர் பின்புறப் பச்சைத் துளையில் இருக்கிறதா? இளஞ்சிவப்பு மைக்குக்கானது; பிசி 99 என்ற கணினி வடிவமைப்பு விதிமுறை வகுத்த நிறங்கள் இவை.

அடுத்து, ஒலி அமைப்பு. எச்டிஎம்ஐ மானிட்டர் இணைத்திருந்தால், விண்டோஸ் ஒலியை அங்கே திருப்பியிருக்கலாம்.

இன்னும் கேட்கவில்லையா? ஆடியோ டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். பயாஸில் ஆடியோ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் திறந்தும் ஒலி வராவிட்டால், சிப்பே பழுதாகியிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்றாதீர்கள். யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றே போதும்.