சயாம் மரண ரயிலும் பெயரில்லாத நம் மக்களும்

வதைமுகாம் என்றதும் பலருக்கும் ஜெர்மனிதான் நினைவுக்கு வரும். மியூனிக் நகருக்கு அருகிலுள்ள டாக்காவ் என்னும் ஊரில் 1933-ல் நாஜிகள் திறந்த முகாமில், 1945 வரை இரண்டு லட்சம் பேருக்கு மேல் அடைக்கப்பட்டனர். 40,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். அதே போர்க்காலத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரி வழியாகச் சென்ற ஒரு ரயில் பாதையின் முகாம்களில் பல்லாயிரம் தமிழர்கள் மடிந்தார்கள். இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1942-ல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. பர்மாப் போர்முனைக்குக் கடல் வழியே சரக்கு அனுப்புவது ஆபத்தாக இருந்ததால், தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். நமது பாகாலா - தர்மாவரம் பாதையைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு நீளம். மலையும் காடும் ஆறும் குறுக்கிட்ட இப்பாதையை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்தார்கள். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன.

இந்த வேகம் மனித உடலைப் பிழிந்து எடுத்த வேகம். மண்வெட்டியும் கூடையும் சம்மட்டியுமே முக்கியக் கருவிகள். சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளும், ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்களும் வேலை செய்தனர். ரப்பர் ஏற்றுமதி நின்று பட்டினியில் கிடந்த மலாயாத் தோட்டத் தமிழர்களை, சம்பளமும் சாப்பாடும் தருவதாகச் சொல்லி முதலில் அழைத்துச் சென்றனர். பின்னர் வலுக்கட்டாயமாகவே பிடித்துப் போனார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும், கழிப்பிடத்தைத் தள்ளி அமைக்கவும் கட்டுப்பாடு செய்தார்கள். நம்மவர் முகாம்களில் அப்படி வழிகாட்ட ஆளில்லை. கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேரும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 240 உயிர்களுக்கு மேல்!

காஞ்சனபுரி போர் மயானத்தில் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள் உள்ளன. படை அதிகாரிகள் பெயர்ப் பட்டியல் வைத்திருந்ததால் பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. கூலிகளுக்கு யாரும் பட்டியல் எழுதவில்லை. 1957-ல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படமும் கைதிகளின் கதையைத்தான் சொன்னது. 2023-ல்தான் தமிழர் நினைவாக அங்கே ஒரு நடுகல் எழுந்தது.

அந்தப் பாதையின் ஒரு பகுதியில், நாம்தோக் வரை, இன்றும் ரயில் ஓடுகிறது. வட ஆர்க்காடு முதலான மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் உறவினர் நம்மிடையேயும் இருக்கலாம். 'மலாயாவுக்குப் போனவர், தகவலே இல்லை' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது சொன்னால், அவர் பெயர், ஊர், போன ஆண்டு ஆகியவற்றை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்லில் இல்லாத பெயர் காகிதத்திலாவது இருக்கட்டும்.