வெளிச்சம் வரட்டும், வெப்பம் வேண்டாம்

அனந்தபுரம், விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கத்திரி வெயிலில், மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் அறையையே கொதிக்க வைக்கும். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். அவற்றைத் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், கண்ணாடியில் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம்கள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அகச்சிவப்பை 90 சதவீதம் தடுக்கும் ஃபிலிம் என்றாலும், அந்தக் கணக்கில் குறைவது மொத்த வெப்பத்தில் 45 சதவீதம்தான். எனவே வாங்கும்போது, மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும், வெளிச்சம் எவ்வளவு வரும் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டியும் கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படும், ஃபிலிமின் வேலையும் குறையும்.