வாயும் வயிறுமாகப் பதினொரு மணி நேரம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற வழக்கம் கலசப்பாக்கம் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. மாறியிருப்பது தூரம். போளூரிலும் செங்கத்திலும் வாழ்க்கைப்பட்டு, வளைகாப்புக்குப் பிறகு பேருந்தில் பிறந்த வீட்டுக்கு வந்த தலைமுறையின் பேத்திகள் இன்று லண்டனிலிருந்தும் பிராங்க்பர்ட்டிலிருந்தும் வரவேண்டியிருக்கிறது. வளைகாப்பை ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வைக்கிறோம். விமான நிறுவனங்களின் கணக்கு வாரக்கணக்கு. பல நிறுவனங்கள் 28 வாரம் கடந்ததும் மருத்துவர் கடிதம் கேட்கின்றன. இந்திய நிறுவனங்கள் சில 32 வாரம் வரை கேட்பதில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை என்றால் 36 வாரத்தை ஒட்டியும், இரட்டை என்றால் 32 வாரத்தை ஒட்டியும் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு எட்டாம் மாதமே வந்து சேர்ந்தாக வேண்டும் என்று இதற்குப் பொருள். அந்த வயிற்றோடு செக்-இன் கவுண்டரில் நிற்கும்போது, "முன்னாடி பிசினஸ் கிளாஸ்ல இடம் காலியா இருந்தா மாத்திக் கொடுங்களேன்" என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்கும் பொருள்தான் தவறு என்பது என் வாதம். உடலுக்கு வேண்டியது நினைத்தபோது யார் முழங்காலையும் தாண்டாமல் எழுந்து நடக்கக்கூடிய ஓர் இடம். அதற்கும் டிக்கெட்டின் விலைக்கும் நாம் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லை.

கிராமத்து அடிபம்பை நினைத்துக்கொண்டால் காலின் ரத்த ஓட்டம் சுலபமாகப் புரியும். கைப்பிடியை அழுத்தினால்தான் தண்ணீர் மேலே வரும். உள்ளே இருக்கும் வால்வு அதைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். காலுக்குப் போன ரத்தத்தை மேலே ஏற்றும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையுடையது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தசை இறுகிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடுகின்றன. உட்கார்ந்தே இருந்தால் பம்பை அடிக்க ஆளில்லை. கர்ப்பத்தில் இன்னும் மூன்று சேர்கின்றன. உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. வளர்ந்த கருப்பை இடுப்புக்குள் இருக்கும் பெருஞ்சிரைகளை அழுத்துகிறது. பிரசவத்தில் நேரப்போகும் ரத்தப்போக்கை எதிர்பார்த்து ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறிக்கொள்கிறது. இந்த மூன்றாவது மாற்றம் தாயைக் காப்பாற்ற இயற்கை செய்த ஏற்பாடு. பதினொரு மணி நேரம் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கும் ஒரு தாயை அது எதிர்பார்த்திருக்கவில்லை. அதனால் கர்ப்பிணிக்குச் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். கர்ப்பிணிகளின் காலில் வரும் ரத்தக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இடது காலில் வருகின்றன. இடது காலிலிருந்து வரும் சிரையை, வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே கடந்து அழுத்துவதுதான் காரணம். கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும். பிய்ந்து போய் நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

நீண்ட நேரம் உட்காருவது இப்படிக் கொல்லும் என்பது விமானத்தில் தெரியவந்த செய்தி அல்ல. 1940-இல் லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசியபோது மக்கள் இரவு முழுக்கப் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நுரையீரல் அடைப்பால் திடீர் மரணங்கள் கூடுவதைக் கவனித்த கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர், அந்த நாற்காலிகளின் முன்பக்கக் கட்டை தொடையின் அடிப்புறத்தை அழுத்துவதைக் காரணமாகச் சொல்லி, நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கை வேண்டும் என்றார். 1954-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ரத்தம் உறைந்ததைப் பதிவு செய்தார். நீண்ட நேரம் காரில் உட்கார்ந்தவரும் நாடகம் பார்த்தவரும்கூட அவர் பட்டியலில் இருந்தார்கள். 1977-இல் ஒரு மருத்துவக் கட்டுரை இதற்கு 'எகானமி வகுப்பு நோய்' என்று பெயர் வைத்தது. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் திரும்பிய 28 வயதுப் பெண் ஒருவர் இறந்ததும் அந்தப் பெயர் உலகப் பத்திரிகைகளெங்கும் ஏறிவிட்டது. பெயர் வைத்ததில்தான் வினை. நோய்க்கு எகானமி என்று பெயரிட்டால் மருந்துக்குப் பிசினஸ் என்று பெயர் வைக்கத்தானே தோன்றும்?

அந்தப் பெயர் தாங்குமா என்று பிறகு சோதித்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் ரத்தக்கட்டி வந்த சுமார் 1,900 பேரை அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளோடு ஒப்பிட்ட 'மெகா' என்ற ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது. விமானமா, ரயிலா, பேருந்தா, காரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பயணத்தில் ரத்தம் உறைவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'ரைட்' திட்ட அறிக்கையும் அதையேதான் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் பிசினஸ் வகுப்பில் வந்தவர்களையும் எகானமியில் வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 900 பயணிகளை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வில், இரு வகுப்புகளுக்கும் இடையே கணக்கில் எடுக்கத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மெகா குழுவினரே 2009-இல் செய்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு, நடைபாதையோரம் உட்கார்ந்தவர்களைவிட அபாயம் சுமார் இரு மடங்கு. ஜன்னலோரத்தின் காற்றில் ஒரு கேடும் இல்லை. பக்கத்தில் தூங்கும் இருவரை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சம்தான் காலைக் கட்டிப்போடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் மற்றவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தாகத்தைக்கூட அடக்கிக்கொள்பவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெகா ஆய்வில் இன்னொரு தகவல் இருந்தது; அதை நம் பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. விமானத்தில் 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு மட்டுமல்லாமல், 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் அபாயம் கூடியிருந்தது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் பலருக்கு விமான இருக்கையில் பாதம் தரையில் சரியாகப் படியாது. இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்குழியை அழுத்தும். 1940-இன் சாய்வு நாற்காலிக் கதை அப்படியே திரும்புகிறது. இப்படிப்பட்டவருக்குக் கால் நீட்ட அதிக இடம் கொடுப்பதைவிடக் காலுக்கு அடியில் ஒரு பையை வைத்து உயர்த்துவதுதான் உதவி, அதற்குக் கட்டணமும் இல்லை.

படுக்கையாக விரியும் இருக்கை நல்லதுதானே, சிம்ப்சனே படுக்கை கேட்டாரே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. படுத்தால் காலின் சிரைகளில் அழுத்தம் குறையும், முதுகுவலிக்கும் ஆறுதல், பணம் இருப்பவர்கள் வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. 2009-ஆம் ஆண்டு ஆய்விலும் பிசினஸ் வகுப்பு அபாயத்தைச் சற்றுக் குறைக்கலாம் என்ற சாயல் உண்டு, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. எட்டாம் மாதத்தில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் வயிற்றுக்குள் ஓடும் பெருஞ்சிரையை அழுத்தி, சிலருக்கு ரத்த அழுத்தமே இறங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கை கிடைத்த மகிழ்ச்சியில் எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கிவிட்டால் அடிபம்பு அங்கும் ஓய்வில்தான். கவுண்டரில் அன்போடு தரப்படும் மற்ற 'நல்ல' இருக்கைகளிலும் கவனம் தேவை. கால் நீட்ட இடமுள்ள அவசர வழி வரிசையைக் கர்ப்பிணிகளுக்குத் தரமாட்டார்கள். ஆபத்தில் கதவைத் திறந்து உதவ வேண்டியவர்களுக்கான இடம் அது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால், கைப்பிடியைத் தூக்க முடியாது, அகலமும் குறையும். வயிறு பெருத்திருக்கும்போது இழப்பது அங்கேதான். இறக்கையை ஒட்டிய பகுதியில், கழிப்பறைக்கு அதிகத் தூரமில்லாத நடைபாதையோர இருக்கை: கேட்க வேண்டியது இவ்வளவே. பேருந்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவரைத் தூக்கிப்போடுவதும், நடுவில் இருப்பவர் ஆட்டம் குறைவாக உணர்வதும் எந்தக் கணக்கோ, விமானத்தில் வாலுக்கும் இறக்கைக்கும் அதே கணக்கு.

இந்த வயிற்றோடு விமானம் ஏறுவதே தப்பு என்பது பெரியவர்களின் எதிர்வாதம். அதில் பாதி உண்மை. ரத்தப்போக்கு, கூடிய ரத்த அழுத்தம், முன்பு ரத்தக்கட்டி வந்த வரலாறு இருப்பவர்கள் மருத்துவர் ஒப்பாமல் கிளம்பக் கூடாது. மற்றபடி, சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு அமெரிக்க, பிரிட்டன் மகப்பேறு மருத்துவ அமைப்புகள் 36, 37 வாரங்கள் வரை தடை சொல்வதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு என்பது உண்மை. அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி நிற்கும் உயரம் 725 மீட்டர். 8,000 அடி அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், ஊட்டியைவிடச் சற்று அதிகம். ஊட்டியிலும் பெண்கள் பிள்ளை சுமக்கிறார்கள். கருவின் ஹீமோகுளோபின் குறைந்த ஆக்சிஜனையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கேள்வி வரும்: அபாயமே இவ்வளவு சிறியது என்றால் எதற்கு இந்தப் பதற்றம்? நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அது எல்லாப் பயணிகளுக்குமான சராசரி. கர்ப்பிணியின் எண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் சிறியதுதான், பயப்பட வேண்டாம். செலவில்லாமல் குறைக்கக்கூடிய ஓர் அபாயத்தை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் பதில். முழங்கால் வரை இறுக்கும், அளவெடுத்து வாங்கிய காலுறைகள், அறிகுறி காட்டாத கட்டிகளை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைப்பதாகக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. கர்ப்பிணிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் குறைவு என்றாலும், நீண்ட பயணத்துக்கு மகப்பேறு மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்பிரினைத் தாமாகப் போட்டுக்கொள்வது வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கலசப்பாக்கத்துக் கணக்கு விமான நிலையத்தில் முடிவதில்லை. லண்டனிலிருந்து சென்னைக்குப் பத்து, பதினொரு மணி நேரம். இறங்கியதும் காரில் ஏற்றி, ஆரணி வழியாகவோ திண்டிவனம் வழியாகவோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இன்னொரு நான்கு மணி நேரம். அலுத்து வந்த பெண்ணைப் பின் இருக்கையில் காலை மடக்கித் தூங்க விடுவதுதான் பாசம் என்று நினைக்கிறோம். அடுத்தடுத்த பயணங்கள் அபாயத்தைக் கூட்டும், அது சில வாரங்கள் நீடிக்கும் என்பது ரைட் அறிக்கையின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வைப்பதே பாசம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், விளக்கெண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. கட்டி நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. இரண்டு காலும் ஒன்றுபோல வீங்குவது கர்ப்பத்தில் சாதாரணம், ஒற்றைக் கால் சாதாரணமில்லை. மூச்சு வாங்கினால் 108-ஐத் தாமதமின்றி அழைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் இந்த அபாயம் கர்ப்ப காலத்தைவிடவும் அதிகம் என்பதால், உடனே திரும்பிப் போகத் துடிக்கும் குடும்பங்கள் அந்தக் கணக்கையும் போட வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து பரிசோதனைக்கு மலையிறங்கித் திருவண்ணாமலை வரை பேருந்தில் போய் வரும் பெண்ணுக்கும் இதில் ஒரு வரியும் மாறாது. அவருக்கு அப்கிரேடு என்றால் பின்சக்கரத்துக்கு முன்னால் ஓர் இருக்கை.

ஒருத்தி கேட்டாள் என்று இலவசமாகக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே, மற்றவர் கொடுத்த காசுக்கு என்ன மதிப்பு என்ற முணுமுணுப்பு விமானத்திலும் உண்டு, பேருந்திலும் உண்டு. பிசினஸ் வகுப்பைப் பொறுத்தவரை அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. அது சலுகை, சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது. நடைபாதையோர இருக்கை அப்படியல்ல. எந்த வகுப்பிலும் இருப்பது. ஒருவர் ஜன்னலுக்கு நகர்ந்தால் கிடைத்துவிடுவது. இருக்கை தேர்வுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள், 28 வாரம் கடந்த பெண்ணிடம் மருத்துவர் கடிதத்தைக் கேட்டு வாங்கத் தயங்குவதில்லை. அதே கடிதத்தைக் காட்டியதும் கட்டணமில்லாமல் நடைபாதையோர இடம் தருவதை விதியாகவே வைக்கலாம். கவுண்டரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் பார்த்துக் கெஞ்ச வேண்டிய விஷயமாக அது இருக்கக் கூடாது. அந்த விதி வரும்வரை, நடைபாதையோரம் உட்கார்ந்திருக்கும் வாசகரிடம் ஒரு கர்ப்பிணி இடம் மாற்றிக் கேட்டால், தயவுசெய்து எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருங்கள்.