சூல் என்னும் சொல்

‘மகப்பேறு’ என்று எழுதினால் போதாதா, ‘கர்ப்பம்’ என்பதற்குத் தனிச் சொல் எதற்கு என்று மொழிபெயர்ப்பாளனாகிய என்னை வினவுவோர் உண்டு. போதாது என்பதே என் விடை. மகப்பேறு என்பது மகவைப் பெறுதல். கர்ப்பமோ அதற்கு முற்பட்ட நிலை. இவ்வேறுபாடு இலக்கணப் புலவரின் பொழுதுபோக்கு அன்று. 1961-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மகப்பேற்று நலச் சட்டம், கருச்சிதைவுற்ற பெண்ணுக்கும் ஊதியத்துடன் 6 வார விடுப்புக்கு வழி செய்தது. மகவைப் பெறாத அவளை ‘மகப்பேறு’ என்ற சொல்லில் எங்ஙனம் அடக்குவது? இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால், படிவத்தைக் கையில் வைத்திருப்பவள் தனக்கு அதில் உரிமை இல்லையென்றே எண்ணித் திரும்பிவிடுவாள்.

‘கருவுறுதல்’ என்றாலோ அது தொடக்கத்தைக் குறிக்கும். தொடக்கத்திற்கும் பேற்றுக்கும் இடைப்பட்ட நிறைவுக்குத் தமிழில் உள்ள பழஞ்சொல் ‘சூல்’. நீர் நிறைந்து தாழ்ந்து வரும் மேகத்தைச் சங்கப் புலவர் ‘கமஞ்சூல்’ என்றனர். கமம் என்பது நிறைவு. கதிர் ஈனுமுன் நெற்பயிரும் சூல் கொள்ளும். ஹைதராபாத்தில் வாழும் நமக்கு இச்சொல்லின் உறவு அண்டை வீட்டிலேயே கிடைக்கிறது. தெலுங்கில் அது ‘சூலு’, சூலுற்றவள் ‘சூலாலு’. உருது பேசுவோர் ‘ஹமல்’ என்பர். அரபு மொழியில் அதன் பொருள் சுமத்தல். நம் நகரச் சந்தையில் மூட்டை தூக்கும் ஹமாலியின் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததே. ஆங்கிலேயர் இலத்தீனிலிருந்து பெற்ற ‘பிரெக்னன்ட்’ என்ற சொல்லோ பிறப்புக்கு முந்திய நிலை என்னும் கருத்தினது. தமிழன் நிறைவைக் கண்டான், அரபியன் சுமையைக் கண்டான். சுமந்தவளைக் கேட்டால் இரண்டும் மெய் என்பாள்.

வீட்டுப் பெண்டிர் இவற்றுள் எதையும் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாதந்தோறும் நிகழும் தலைமுழுக்கு நின்றதைக் கொண்டு, தமிழ் மூதாட்டி ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பாள். தெலுங்கு மூதாட்டியோ ‘நீள்ளு போசுகுந்தி’, அதாவது நீர் வார்த்துக்கொண்டாள், என்பாள்! நேர்மாறான சொற்கள், செய்தி ஒன்றே.

‘சூல்’ எனக்கு உவப்பான சொல். ஆயினும் அரசாங்கப் படிவத்தில் அதை எழுதத் துணியேன். ‘சினை’யோ ஆவினத்துக்கு உரியதாகிவிட்டது. ‘கர்ப்பம்’ வடசொல்லே எனினும், எழுத்தறியாதவளுக்குப் படித்துக் காட்டினாலும் அவளுக்கு விளங்கும். ஆகவே ‘கர்ப்ப காலம்’, ‘கருச்சிதைவு’, ‘மகப்பேறு’ என மூன்றையும் தனித்தனியே எழுதுகிறேன். படிவம் ஒரு வரி நீளுகிறது, நீளட்டும்.